மத்தும பண்டாரவும் அவன் தமையனும்

ஹேவாஹெட்டவிலிருந்து தலாத்து ஓயா வழியாக இறங்கும் பேருந்து கண்டி வாவிக்கரையை அடைந்ததும், பயணியர் பலரும் ஒரே திசையை நோக்குவர். முகில் வடிவில் வளைந்த வெண்மதிலின் பின்னே தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் தோன்றும். கண்டவுடன் கைகூப்புவாரும் உளர். அம்மாளிகையின் அயலில் ஒரு சிறுவனுக்குச் சிலை எடுத்திருக்கின்றனர். பல ஆண்டுகளாக அவ்வழியே போய்வரும் எனக்கு, அச்சிலையைக் காணுந்தோறும் அங்கே இல்லாத மற்றொரு சிறுவனின் நினைவே முந்திக்கொண்டு வருகின்றது. சிலையாய் நிற்பவன் மத்தும பண்டார. சிலையில்லாதவன் அவன் தமையன்.

மத்தும பண்டாரவின் பெயரை அறியாத மாணவர் இந்நாட்டில் அரியர். அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாக அவனைப் பள்ளிகளும் மேடைகளும் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளன. சிங்கள மக்கள் அவன் குடும்பத்தின் துயரைக் கவியாகப் பாடினர், நாடகமாக ஆடினர், 2014ஆம் ஆண்டில் அவன் அன்னையின் கதை திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆயினும், அவனது வாழ்க்கையை எழுதப் புகுவோன் முதலில் சற்றுத் திகைத்தே நிற்பான். அவன் வாழ்ந்தவை ஒன்பது ஆண்டுகள். அவற்றுள் உலகம் அறிந்தது ஒரு நாள். அந்நாளிலும் ஒரு கணம். அக்கணத்தைச் சிறுவர்க்கு எவ்வாறு சொல்வது என்பதில் நான் ஒருகாற் பிழைபட்டேன். அப்பிழையே இக்கட்டுரையை எழுதுவித்தது.

பெயரிலிருந்து தொடங்குவோம். மத்தும என்னும் சிங்களச் சொல்லுக்கு நடுவில் உள்ளது என்பது பொருள். லொக்கு என்பது பெரியது. உயர்குடியில் ஆண்மக்களைப் பண்டார என்றழைத்தல் கண்டி நாட்டு வழக்கு. ஆகவே மத்தும பண்டார என்பவன் நடுப்பிள்ளை. லொக்கு பண்டார என்பவன் மூத்தபிள்ளை. நம் வீடுகளில் பெரியதம்பி, சின்னத்தம்பி என்று அழைப்பது போன்ற வீட்டுப் பெயர்களே இவை. அன்னையும் தாதியரும் அழைத்த பெயராலேயே வரலாறு இச்சிறுவர்களை நினைவில் வைத்திருக்கின்றது. வளர்ந்தபின் வந்து சேரவேண்டிய பட்டங்களும் பதவிப் பெயர்களும் அவர்களை வந்தடையவில்லை.

தந்தை எஹெலேபொல, கண்டி அரசின் பெரும் பிரபுக்களுள் ஒருவர். 1773ஆம் ஆண்டிற் பிறந்தவர். முதலமைச்சராயிருந்த பிலிமத்தலாவை அரசனுக்கு எதிராகச் சதி செய்தாரென்று 1811ஆம் ஆண்டிற் கொல்லப்பட, அவர் வகித்த மகா அதிகாரம் என்னும் பதவி எஹெலேபொலவுக்கு வந்தது. அன்னை எஹெலேபொல குமாரிஹாமி, பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் நடத்திய கெப்பெட்டிப்பொலவின் உடன்பிறந்தாள். ஆதலின், தந்தைவழியிலும் தாய்வழியிலும் இச்சிறுவர்கள் அரசியலின் நடுவிலேயே பிறந்தவர்கள்.

கண்டி அரசில் ஒரு கடுமையான ஏற்பாடு இருந்தது. பிரபுக்கள் மாகாணங்களை ஆளச் செல்லுங்கால் அவர்தம் குடும்பம் தலைநகரிலேயே இருத்தல் வேண்டும். தலைவன் மனம் மாறின் அதற்கு ஈடு அவன் மனைவி மக்கள். எஹெலேபொலவின் பிள்ளைகள் கண்டி நகரில் மாளிகை வாழ்வு வாழ்ந்தனர் என்று சொல்வது எவ்வளவு உண்மையோ, அவர்கள் பிணையாக வாழ்ந்தனர் என்று சொல்வதும் அவ்வளவு உண்மை. அவர்களது இளமைக் காலத்திலேதான் இன்று நாம் காணும் வாவி, மக்களின் கட்டாய உழைப்பினால் உருவாயிற்று. வயல்நிலம் நீர்நிலையாக மாறுவதை அப்பிள்ளைகள் நாள்தோறும் கண்டிருத்தல் கூடும்.

இனி, அரசனைப் பற்றியும் சிறிது சொல்லல் வேண்டும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பட்டப்பெயர் பூண்ட இவனது இயற்பெயர் கண்ணுசாமி. தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். 1798ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதினெட்டு வயதில், பிலிமத்தலாவையின் சூழ்ச்சியால் அரியணை ஏறினான். இளைஞனைப் பொம்மையாக வைத்து நாட்டைத் தாமே ஆளலாம் என்பது அவ்வமைச்சரின் எண்ணம். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை தலைநகருட் புகுந்தபோது, அரசன் எங்கள் பழைய ஹேவாஹெட்ட நாட்டிலுள்ள ஹங்குரங்கெத்தவிற் புகலடைந்தான். அப்படை முத்துசாமி என்பவனை அவனுக்குப் பதிலாக அரசனென்று முடிசூட்டியது. முடிசூட்டிய அமைச்சரே சதி செய்ய, வெளியே அந்நியர் காத்திருக்க, எவரை நம்புவது என்றறியாத ஒருவனாக அவன் முதிர்ந்தான். அவன் செய்த கொடுமைக்கு இஃது நியாயமாகாது. ஆயின் கொடுமை பிறந்த இடம் இஃது என்பதை மறத்தலும் ஆகாது.

1814ஆம் ஆண்டில், சபரகமுவவை ஆள அனுப்பப்பட்டிருந்த எஹெலேபொல அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தார். அரசனின் படை மொல்லிகொடவின் தலைமையிற் சென்று அக்கிளர்ச்சியை முறித்தது. எஹெலேபொல எல்லை கடந்து கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். மனைவி மக்கள் கண்டியில் இருந்தனர். பிணைக்கு உரிய விலையை அவர் அறியாதவரல்லர். அந்நாட்களில் அவர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதற்குச் சான்று நம்மிடம் இல்லை. ஆகவே அதனை அவ்வாறே விட்டுவிடுகின்றேன்.

மே மாதம் 17ஆம் நாள், சிறையிலிருந்து குமாரிஹாமியும் பிள்ளைகளும் அழைத்துவரப்பட்டனர். அரண்மனைக்கு எதிரே, நாத தேவாலயத்துக்கும் மகா விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளி கொலைக்களமாயிற்று. அன்னை அஞ்சாது நின்று, தாமும் தம் கணவரும் குற்றமற்றவர் என்று உரைத்தார். மூத்தவனுக்கு வயது 11. கொலைஞன் நெருங்கியதும் அவன் அலறித் தாயைக் கட்டிக்கொண்டான். அப்போது 9 வயதினனாகிய நடுப்பிள்ளை முன்வந்தான். தமையனை நோக்கி அஞ்சவேண்டாமென்றும், எவ்வாறு இறப்பதென்பதைத் தான் காட்டுவதாகவும் சொன்னான். வாள் ஒருமுறை வீழ்ந்தது. பின்னர் மற்றைப் பிள்ளைகளும், பால்குடி மாறாத குழவி உட்பட, உயிரிழந்தனர். குமாரிஹாமி உறவுப் பெண்களோடு போகம்பறை ஏரியில் அமிழ்த்தப்பட்டார்.

அதன்பின் இரண்டு நாள் கண்டி நகரில் அடுப்பெரியவில்லை. எவரும் உணவு சமைத்திலர்; நகரமே பட்டினி கிடந்தது. அரசனுக்கு அஞ்சி வாய்திறவாத மக்கள் அடுப்பை அவித்துத் தம் துயரைச் சொன்னார்கள். இக்கதை முழுவதிலும் என் நெஞ்சை மிக உருக்குவது இச்செய்தியே.

வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அதன் விளைவு முடியவில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியைக் கைப்பற்றியது, அரசன் சிறைப்பட்டான். 1815 மார்ச் 2ஆம் நாள் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தம், அரசனின் கொடுமைகளையே முதற்காரணமாகக் காட்டி நாட்டை ஆங்கில முடிக்கு உரியதாக்கியது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சிறுவரின் தாய்மாமன் கெப்பெட்டிப்பொல பிடிபட்டு, நவம்பர் 26ஆம் நாள், அதே போகம்பறையில் ஆங்கிலேயரால் தலை வெட்டப்பட்டார். ஆங்கிலேயரை நம்பிச் சென்ற எஹெலேபொலவும் அவர்களாலேயே சிறை வைக்கப்பட்டு, 1825இல் மொரீசியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கே இறந்தார். அரசன் வேலூர்க் கோட்டையிற் காவலில் இருந்து 1832ஆம் ஆண்டு மறைந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு நினைவு மண்டபம் உண்டு. இவ்வாறு, அக்கொலைக்களத்தின் அருகேயும் தொலைவேயும் நின்றவர் எவரும் நலம்பெற்று வாழ்ந்திலர்.

இந்நிகழ்ச்சி நமக்கு எவர்வழி வந்தது என்பதையும் ஆசிரியராயினோர் அறிதல் நன்று. இதனை விரித்தெழுதியவர்களுள் முதன்மையானவர் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர். சுரங்கத் தொழிலாளர்க்குக் காவல் விளக்கு அமைத்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. அவர் இலங்கைக்கு வந்தது 1816ஆம் ஆண்டில். நூல் வெளியிட்டது 1821இல். கண்ணாற் கண்டவரல்லர், கண்டவர்பாற் கேட்டு எழுதியவர். மேலும், வென்றவரின் பணியாளர். பிள்ளைகளின் தலையை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் வற்புறுத்தப்பட்டாள் என்ற செய்தியும் அந்நூலில் உண்டு. இவ்வரசனைப் பற்றிய கொடுமைக் கதைகளில் ஆங்கிலேயரின் பிரசாரத்துக்கு இருந்த பங்கினைக் கணநாத் ஒபயசேகர 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சிறுவர் கொல்லப்பட்டது ஐயத்துக்கு இடமில்லாதது. அதனைச் சுற்றி எழுப்பிய கதையோ, ஓர் அரசைக் கவர்ந்ததற்கு நியாயமாகவும் பயன்பட்டது.

இனி, என் பிழையைச் சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். குரலை உயர்த்தியும் தாழ்த்தியும், கையை வாளாக்கியும் சொன்னேன். மத்தும பண்டாரவை வானளாவப் புகழ்ந்தேன். புகழ்ச்சிக்கு ஒரு பின்புலம் வேண்டுமென்று தமையனைக் கோழையாக்கினேன். கைகால் நடுங்கியதையும் தாயின் சேலையிற் புகுந்ததையும் நடித்துக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மகிழவும் செய்தேன்.

அவ்வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முந்திய ஆண்டில் தந்தையை இழந்தவன். மாலை இருண்டபின் லயத்திலிருந்து தனியே வெளியே வர அஞ்சுவான். மறுநாள் முதல் மற்றைப் பிள்ளைகள் அவனை லொக்கு பண்டார என்று அழைக்கத் தொடங்கினர். மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒரு கிழமை சென்றபின் அவன் இல்லத்துக்குப் போனேன். நெடுநேரம் பேசாதிருந்தவன் இறுதியில் ஒன்று கேட்டான். தந்தையின் உடலை எடுத்துச் சென்றபோது தானும் தாயைக் கட்டிக்கொண்டு கத்தியதாகவும், அது பிழையா என்றும் கேட்டான். இலக்கணமும் இலக்கியமும் கற்றுப் பண்டிதப் பட்டம் பெற்ற என்னிடம் அப்போது மறுமொழி இல்லை. பிழையன்று என்று மட்டும் சொல்லி, மறுநாள் அவனை அழைத்துவந்தேன்.

அன்றிரவு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை எடுத்து மெய்ப்பாட்டியலைப் படித்தேன். இளமையில் பாராமற் சொல்லப் பயின்ற பகுதி அது. உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த ஆசிரியர், அச்சத்தை அடுத்தே பெருமிதத்தை வைத்திருக்கின்றார். அச்சம் தோன்றும் நிலைக்களங்கள் நான்கு என்று கூறி, அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம் இறைவனாகிய அரசனையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கின்றார். அரசனிடத்துத் தோன்றும் அச்சம் நூலாசிரியர் ஒப்புக்கொண்ட அச்சம், இழிவென்று தள்ளப்பட்டதன்று. பதினொரு வயதுப் பிள்ளை தன் அரசன் ஏவிய வாளைக் கண்டு நடுங்கினான் எனின், அங்கே குறையொன்றுமில்லை. நூலைப் பலமுறை கற்பித்தும் அதனை ஒரு பிள்ளையின் முகத்தோடு பொருத்திப் பாராதது என் குறை.

சான்றோர் செய்யுளும் இதனையே உணர்த்துகின்றது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்து, ஒரே மகனையும் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரை அறியாதார் யார்? மேடைகளில் அத்தாயின் வீரத்தையே முழங்குகின்றோம். புலவரோ, அவள் துணிவின் கடுமையைக் கண்டு உளம் நடுங்கியே பாட்டைத் தொடங்குகின்றார். அவள் மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவிச் சீவுவதையும் மறவாது காட்டுகின்றார். வேலைத் தரும் கையும் எண்ணெய் தடவும் கையும் ஒன்றே. எண்ணெய் தடவியதை நீக்கிவிடின் அவள் தாயாக இராள், வெறும் முழக்கமாகிவிடுவாள்.

வரலாற்றுக் கதையைச் சிறுவர்க்கு எழுதும்போது உணர்ச்சியைத் தணித்துக் கொடுத்தல் வேண்டுமெனக் கருதுவோர் உண்டு. ஸ்கொத்லாந்தின் வால்டர் ஸ்கொட், நோயாளியான தம் சிறு பேரனுக்காக நாட்டு வரலாற்றைக் கதையாக எழுதி 1827ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். வேண்டுமென்றே தாழ்த்தி எழுதியவற்றைப் பிள்ளைகள் விரும்புவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. என் வகுப்பிலும் அதனையே கண்டேன். பிள்ளைகள் துயரைத் தாங்குவர். அவர்களாற் பொறுக்க முடியாதது, தம் நெஞ்சில் உள்ளதைக் கதை பொய்யென்று சொல்வதே.

ஆகையால், இப்போது நான் இக்கதையை வேறுவகையாகச் சொல்கின்றேன். உரலைப் பற்றிச் சிறு வகுப்பிற் பேசுவதில்லை; அது நடுக்கத்தைத் தருமேயன்றி விளக்கத்தைத் தராது. உயர் வகுப்பு மாணவர்க்குச் சொல்லும்போது, எழுதியவர் யார், எப்போது எழுதினார், எவருக்கு அது பயன்பட்டது என்பவற்றையும் சேர்த்துச் சொல்கின்றேன். தம்பி முன்வந்ததைச் சொல்லுமுன் தமையனின் அச்சத்தைச் சொல்லி, அங்கே சற்று நிற்கின்றேன். தம்பி அஞ்சவில்லை என்று சொல்வதில்லை. அவன் அஞ்சினானா இல்லையா என்பதை எவரும் எழுதவில்லை. தமையனுக்கு ஆறுதலாக அவன் முன்னே நடந்தான் என்பதே எழுதப்பட்டது. அவன் செயலை வீரம் என்பதினும் அன்பு என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. தமையன் அழுதிராவிடின் அவ்வன்புக்கு இடமே இல்லை.

அரசனைப் பற்றியும் ஒன்று சொல்லியாகல் வேண்டும். இக்கதை கேட்ட சிங்களப் பிள்ளை தமிழ்ப் பிள்ளையைச் சினந்து நோக்குவதும், தமிழ்ப் பிள்ளை தான் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிவதும், அல்லது அரசன் நம்மவன் என்று அவன் செய்ததை மழுப்புவதும் நிகழ்ந்ததுண்டு. மூன்றும் தவறு. கொலை செய்வித்தவன் ஓர் அரசன். அழுதது ஒரு நகரம். அடுப்பை அவித்த வீடுகளில் எம்மொழி பேசினார்கள் என்று அடுப்புக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இதனை விளக்கத் தேவையுமில்லை. இரண்டு நாள் அடுப்பெரியாத நகரத்தைச் சொன்னால் அவர்களே உணர்ந்துகொள்கின்றனர்.

ஆசிரியத் தொழிலில் உள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வகுப்பில் மத்தும பண்டாரவைப் பற்றிச் சொல்லுங்கால் தமையனையும் அவனருகே நிறுத்துங்கள். நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பில், தம்பியைப் போல் முன்னடக்கக் கூடியவர் ஒருவரோ இருவரோ இருப்பர். தமையனைப் போல் தாயைத் தேடுவோரே ஏனையோர். அவர்களையும் சேர்த்தே நாம் வரலாறு கற்பிக்கின்றோம்.

அண்மையில் என் மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் சென்றேன். அச்சிறுவனின் சிலையைக் கண்டு வணங்கிய பின், ஒரு சிறுமி அங்குமிங்கும் நோக்கி, அண்ணனின் சிலை எங்கே என்று வினவினாள். இல்லையென்றேன். அவள் தன் கையிலிருந்த பூக்களில் ஒன்றைச் சிலையின் அடியிலே வைத்து, சற்றுத் தள்ளி, வெறுநிலத்தில் மற்றொன்றை வைத்தாள்.